சாஷிகோ: தையல் போட்ட இடமெல்லாம் துணி சுருங்குகிறது, ஜீன்ஸ் ஒட்டுத்துணியின் ஓரத்தில் கிழிகிறது

செந்தூல்வாசி (கோலாலம்பூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சாஷிகோ எனும் ஜப்பானிய ஓட்டுத் தையல் வேலை பழக ஆரம்பித்து இரண்டு வேலை முடித்திருக்கிறேன். இரண்டிலும் கோளாறு.

முதலாவது, அடர்நீலப் பருத்தித் துணியில் செய்கைஹா எனும் அலை வடிவம். சாதாரண எம்ப்ராய்டரி நூல், ஆறு இழையும் சேர்த்து. துணியை வளையத்தில் இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு தையலாகக் குத்தி எடுத்தேன். வளையத்தில் இருந்தபோது நேராக இருந்தது. கழற்றியதும் அலை ஓடிய இடமெல்லாம் சுருங்கிக்கொண்டது, இஸ்திரி போட்டும் படியவில்லை. நூலும் பாதி வழியில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிட்டது.

இரண்டாவது, ஜீன்ஸ் முழங்கால் கிழிசல். உள்பக்கம் ஒட்டு வைத்து, ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக ஓட்டுத் தையல். இரண்டு சலவைக்குப் பிறகு ஒட்டு அப்படியே இருக்கிறது, ஒட்டின் மேல்விளிம்பை ஒட்டி ஜீன்ஸ் நேர்கோடாகக் கிழிந்திருக்கிறது.

எங்கே தவறு? இங்கே கோலாலம்பூரில் நூலும் துணியும் எதை வாங்குவது, முதலில் எந்த வடிவத்தில் தொடங்குவது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நூல்கண்டு (பினாங்கு) பதில்:

முதலில் வளையத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். சுருக்கத்துக்கு மூலகாரணம் அதுதான். வளையத்தில் துணி இழுபட்டு நிற்கிறது. இழுபட்ட துணிமேல் நூல் அளவெடுத்து உட்கார்கிறது. கழற்றினால் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், நூல் விடாது. சாஷிகோவுக்கு வளையமே கிடையாது, துணி கையில் தளர்வாக இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஒவ்வொரு தையலாகக் குத்தி எடுப்பது. சாஷிகோவில் ஊசி நிற்கும், துணிதான் நகரும். இதற்கு ஜப்பானியத்தில் உன்ஷின் என்று பெயர். ஊசி சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளம், கொஞ்சம் தடிமன், காது பெரியது, முனை கூர்மை. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியின் முனைப்பக்கத்தைத் துணியோடு சேர்த்துப் பிடிக்கும். ஊசியின் காதுப்பக்கம் உள்ளங்கையில், நடுவிரலின் அடியில் மாட்டியிருக்கும் வட்டத் திம்பிள் எனும் விரல்காப்பில் முட்டிக்கொண்டிருக்கும். இடது கை ஒரு சாண் தள்ளித் துணியைப் பிடிக்கும். இரண்டு கையும் துணியை மாறி மாறி மேலும் கீழும் அசைக்க, நிற்கிற ஊசி முனை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை துணிக்குள் புகுந்து வரும். நாலைந்து தையல் ஊசியில் கொசுவம் போல மடிந்து சேர்ந்ததும், அதைப் பின்னால் தள்ளிவிட்டு ஊசியை இழுங்கள்.

பெரும்பாலோர் தவறவிடும் படி இனிமேல்தான் வருகிறது. இழுத்ததும் துணி அந்த நூலில் சுருங்கித்தான் நிற்கும். அப்படியே அடுத்த தையலுக்குப் போகக்கூடாது. வரிசையின் தொடக்கத்தை ஒரு கையில் பிடித்து, மறு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்த வரியை வைத்து, தைத்த திசையிலேயே ஊசி இருக்கும் பக்கம் வரை நீவி விடுங்கள். சுருக்கம் விரலுக்கு முன்னால் ஓடி நூல் வால்வரை போய்விடும். இதை இத்தோஷிகோகி என்பார்கள். ஒவ்வொரு முறை ஊசியை இழுத்த பிறகும் ஒரு தடவை, வரி முடிந்ததும் குறுக்கே லேசாக இழுத்து இன்னொரு தடவை. சரியாக நீவிய வரியை விரலால் தடவினால் நூல் துணிமேல் படுத்திருக்கும், துணிக்குள் புதைந்திருக்காது.

மூன்றாவது, திருப்பங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும்போது பின்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளையமாக நூலை விட்டுவிடுங்கள். துவைத்தால் துணி கொஞ்சமாவது சுருங்கும், அப்போது இழுபடாமல் இருக்க அந்த வளையம் வேண்டும். அலை வடிவத்தில் ஒவ்வொரு வளைவின் முனையிலும் திருப்பம் வருகிறது. அங்கெல்லாம் நூலை இறுக்கியிருந்தால் சுருக்கம் தப்பாது.

நூல் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு இழை நூல் பிரித்துப் பிரித்துப் பயன்படுத்துவதற்காகவே செய்தது. இழைகளுக்கிடையே முறுக்கு இல்லை, பளபளப்பு அதிகம். நாலைந்து தையலை ஒன்றாக இழுக்கும்போது உராய்ந்து பிரிந்துதான் போகும். சாஷிகோ நூல் பளபளப்பில்லாத பருத்தி, இழைகள் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும், பிரிக்க வராது. ஒலிம்பஸ், டாருமா இரண்டும் ஜப்பானியத் தயாரிப்புகள். கிடைக்காவிட்டால் பேர்ல் காட்டன் 8 ஆம் நம்பர் வாங்குங்கள். கொஞ்சம் மினுங்கும், மற்றபடி வேலைக்கு ஆகும்.

ஒரு தடவைக்கு ஒரு மீட்டருக்குமேல் நூல் வேண்டாம். நீளம் கூடக் கூட, காதுக்குப் பக்கத்தில் இருக்கிற நூல் அத்தனை தடவை துணிக்குள் புகுந்து வந்து தேய்ந்துவிடும். சிட்டத்தை வாங்கியதும் காகிதப் பட்டையை எடுத்துவிட்டுப் பெரிய வளையமாகப் பிரியுங்கள். ஓரிடத்தில் சின்னக் கட்டு இருக்கும். அந்த இடத்தில் மொத்தத்தையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, தலைமுடி போலத் தளர்வாகப் பின்னி வைத்தால் ஒவ்வொரு நூலாக உருவிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுச் சிட்டமும் சிக்கலாகிவிடும்.

பாவும்ஊடையும் (கோலாலம்பூர்) பதில்:

நூல்கண்டு சொன்னதோடு துணியைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். நெருக்கமாக நெய்த துணியில் இந்தத் தடிமன் ஊசி சிரமப்பட்டுத்தான் புகும். படுக்கை விரிப்புத் துணி, பாப்லின் வேண்டாம். சமையலறைத் துணிக்கு ஜப்பானியர்கள் சராஷி என்ற தளர்நெசவு வெள்ளைப் பருத்தியைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மிக நெருக்கமாக நம் வீட்டிலேயே இருப்பது பழைய பருத்தி வேட்டி. பல தடவை துவைத்து மெதுவாகி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். கலப்பு நூல் வேட்டியா என்று சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிப் பற்றவையுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெதுவான சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். வேட்டி இல்லையென்றால் குழந்தைகளுக்கு அணையாடையாக வாங்கும் வெள்ளை காய்ன் லம்பின் சரியாக வரும். கொஞ்சம் கனமாக வேண்டுமானால் காய்ன் பெலாச்சு எனும் வெளுக்காத பருத்தித் துணி. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கத்துத் துணிக்கடைகளிலும் மஸ்ஜிட் இந்தியாவிலும் பெலாச்சு என்றே கேட்கலாம். முதலில் துவைத்து, காய்ந்ததும் வெட்டுங்கள். கஞ்சியும் போகும், சுருக்கமும் முடிந்துவிடும்.

தொடங்க வேண்டியது செய்கைஹா அல்ல. வளைவு வந்தாலே தையல் சிறிதாக வேண்டும், ஊசியில் நாலைந்து தையலைக் கோக்கவும் முடியாது. நேர்கோட்டில் கை பழகிய பிறகு வளைவுக்குப் போவதுதான் நல்லது. ஜூஜிசாஷி எனும் கூட்டல்குறி வடிவத்தில் தொடங்குங்கள். 34க்கு 67 சென்டிமீட்டர் துணியைப் பாதியாக மடித்து, மூன்று பக்கம் தைத்து, திருப்பிப் போட ஓர் இடம் விட்டு, 33 சென்டிமீட்டர் இரட்டைச் சதுரமாக்குங்கள். அரை சென்டிமீட்டர் கட்டம் போடுங்கள். முதல் குறுக்கு வரியில் ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே என்று தைத்துப் போங்கள். அடுத்த வரியில் ஒரு கட்டம் தள்ளித் தொடங்க வேண்டும், இடுக்குப் புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற அதே முறை. குறுக்கு வரிகள் எல்லாம் முடிந்தபின் நெடுக்கு வரிகள். நெடுக்குக் கோடுகளை அரைக் கட்டம் தள்ளிப் போட வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு குறுக்குத் தையலின் நடுவிலும் நெடுக்குத் தையல் ஏறி உட்காரும். இதை மறந்துவிட்டால் கூட்டல்குறிக்குப் பதில் மூலை மூலையாக முடியும்.

நூல் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. தைக்கும் பரப்பு 30 சென்டிமீட்டர் சதுரம் என்றால் 61 குறுக்கு வரி, அரைக் கட்டம் தள்ளிப் போடுவதால் 60 நெடுக்கு வரி. குறுக்குக்கு 18.3 மீட்டர், நெடுக்குக்கு 18 மீட்டர், இரண்டுக்கும் 36.3 மீட்டர். திருப்பத்துக்கும் வாலுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 44 மீட்டர். 20 மீட்டர் சிட்டம் இரண்டு போதாது, மூன்று வாங்குங்கள். வண்ண நூலாக இருந்தால் மூன்றையும் ஒரே சாயத் தொகுதியில் பார்த்து எடுங்கள்.

குறிபோடும் பேனாவில் நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு சங்கடம் உண்டு. காற்றில் மறையும் ஊதாப் பேனா இங்கே சீக்கிரமே மறைந்துவிடும், பாதி வரி தைக்கும்போது மீதி கட்டம் காணாமல் போயிருக்கும். வெள்ளைத் துணிக்குத் தண்ணீரில் போகும் நீலப் பேனாதான் சரி. ஆனால் கோட்டைக் கழுவிய பிறகுதான் இஸ்திரி. கோட்டின்மேல் சூடு பட்டால் அது நிரந்தரமாகத் தங்கிவிடலாம். அடர்நீலத்துக்கு வெள்ளைச் சாக் பென்சில் அல்லது கோட்டைப் பதித்து எடுக்கும் வெள்ளை சாக்கோ பேப்பர். சூட்டில் மறையும் ஃப்ரிக்ஷன் பேனாவை அடர் நிறத் துணியில் பயன்படுத்தாதீர்கள், மை மறைந்த இடத்தில் வெளிறிய தடம் நின்றுவிடும்.

கை வியர்த்தால் ஊசி துணிக்குள் இழுபடும், துருவும் பிடிக்கும். துருப்பிடித்த ஊசியைத் துணியில் குத்தி விட்டுவைத்தால் பழுப்புப் புள்ளி விழும், அது போகாது. வேலை முடிந்ததும் ஊசியைத் துணியிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள்.

ஒட்டுத்துணி (பட்டர்வொர்த்) பதில்:

ஜீன்ஸுக்கு வருகிறேன். உங்கள் தையல் வலுவாகத்தான் இருந்திருக்கிறது, அதனால்தான் பக்கத்தில் கிழிந்தது. எல்லா வரியும் ஒரே கோட்டில் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜீன்ஸும் ஒட்டும் நூலும் சேர்ந்து மூன்று பலம். அந்தப் பக்கம் தேய்ந்துபோன ஜீன்ஸ் மட்டும். முழங்கால் மடங்கும் ஒவ்வொரு தடவையும் இழுப்பு முழுக்க அந்த ஒரே கோட்டில் விழுகிறது. தபால்தலையைத் துளை வரிசையில் கிழிப்பது போலத்தான் அது கிழியும்.

திருத்தும் வழி. கிழிசலைச் சுற்றித் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கிழிசலைத் தாண்டியும் வெளிச்சம் ஊடுருவும் பகுதி தெரியும், அதுவும் தேய்ந்ததுதான். ஒட்டை அந்தத் தேய்ந்த பகுதியின் எல்லையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வெளியே வரை வெட்டுங்கள். கிழிசலின் அளவை மட்டும் பார்த்து வெட்டினால் இந்தக் கதைதான் திரும்ப நடக்கும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். தையல் வரிகளை ஒன்று நீளம், அடுத்தது ஒரு சென்டிமீட்டர் குறைவு, அடுத்தது இன்னும் கொஞ்சம் அதிகம் என்று ஏற்ற இறக்கமாக முடியுங்கள். சில வரிகள் ஒட்டைத் தாண்டி நல்ல ஜீன்ஸுக்குள் இரண்டு தையலாவது போய் நிற்க வேண்டும்.

ஒட்டுத் துணி ஜீன்ஸைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். கனமான ஒட்டு பக்கத்துத் துணியைத் தின்றுவிடும். பழைய பருத்திச் சட்டைத் துணி போதும். ஒட்டின் பாவு, அதாவது நெடுக்கு இழை, ஜீன்ஸின் பாவு போகும் திசையிலேயே இருக்கட்டும்.

முழங்கால் கிழிசலில் குறுக்கே வெள்ளை நூல்கள் தொங்குமே, அவற்றை வெட்டிவிடாதீர்கள். டெனிமில் நீலச் சாயம் ஏறியது பாவு, வெள்ளையாகக் குறுக்கே ஓடுவது ஊடை. தேய்ந்து போனது பாவு, ஊடை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வெள்ளை நூல்களை ஒட்டின்மேல் படிய வைத்து, அவற்றின்மேல் ஏறி இறங்கும்படி கால் நீளவாக்கில் தையுங்கள். இல்லாமல் போன பாவுக்குப் பதிலாக உங்கள் நூல் நிற்கும். வரி இடைவெளி நாலு மில்லிமீட்டர், கிழிசலின்மேல் மட்டும் இரண்டு.

கால் குழாய்க்குள் ஒரு தடித்த மாத இதழைச் சுருட்டி நுழைத்துவிட்டால் பின்பக்கத் துணியோடு சேர்த்துத் தைக்கும் தவறு வராது. ஒட்டை ஊசிகளால் குத்தி நிறுத்தாமல், சுற்றிலும் நடுவிலும் பெரிய பெரிய தற்காலிகத் தையலாகப் போடுங்கள். இஸ்திரியில் ஒட்டும் பசைத்தாள் வேண்டாம். ஊசி ஒவ்வொரு தையலிலும் பசையில் மாட்டும், விரல் புண்ணாகும்.

இன்னொன்று, ஜீன்ஸ் உள்முத்திரையில் எலாஸ்டேன் (நீளும் இழை) என்று இருக்கிறதா பாருங்கள். நீளும் ஜீன்ஸில் நீளாத ஒட்டை வைத்தால் என்ன செய்தாலும் ஓரத்தில் இழுக்கும். பழைய நீளும் ஜீன்ஸிலிருந்தே ஒட்டு வெட்டுங்கள், அல்லது சட்டைத் துணியைக் குறுக்குவாட்டில் 45 டிகிரி சாய்த்து வெட்டுங்கள். நூலையும் வழக்கத்தைவிடத் தளர்வாக விட வேண்டும்.

தொடைப் பகுதிக்கு இதே முறை ஆகாது. அங்கே இழுப்பைவிட உராய்வுதான் அதிகம். மேலே தெரியும் தையல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் நூலே தேய்ந்து அறுந்துவிடும். மெல்லிய நூல், நெருக்கமான வரி.

செந்தூல்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. வரிகள் ஒரே கோட்டில்தான் முடிந்திருக்கின்றன, எலாஸ்டேனும் இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். நூலின் தொடக்கத்தில் முடிச்சுப் போடலாமா? ஆசனோஹா வடிவில் பல கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவே, அங்கே நூல் குவிந்து மேடாகாதா?

நூல்கண்டு:

ஒற்றைத் துணியிலும் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் சமையலறைத் துணியிலும் முடிச்சு வேண்டாம். வரி தொடங்கும் இடத்திலிருந்து மூன்று தையல் உள்ளே தள்ளி ஊசியை இறக்கி, தொடக்கத்தை நோக்கிப் பின்பக்கமாகத் தைத்து, அங்கிருந்து திரும்பி அதே துளைகள் வழியாக அந்த மூன்று தையலின் மேலேயே போங்கள். முடிவிலும் மூன்று தையல் திரும்பி வந்து வெட்டிவிடலாம். அந்த மூன்று தையல் கொஞ்சம் தடித்துத் தெரியும், அது குறை அல்ல.

ஆசனோஹா, ஹெம்ப் எனும் சணல் வகையின் இலை வடிவம். அந்தச் செடி வேகமாக, நேராக வளரும் என்பதால் குழந்தை உடைகளில் அந்த வடிவத்தைப் போடும் வழக்கம் ஜப்பானில் உண்டு. கோடுகள் சந்திக்கும் நடுப்புள்ளியை வெறுமையாக விட வேண்டும். எல்லாத் தையலும் புள்ளிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட்டு, பின்பக்கமாகத் தாண்டி அந்தப் பக்கம் எழும்பட்டும். நடுவில் சின்ன நட்சத்திர இடைவெளி தெரியும். கோடு திரும்பும் மூலையில் மட்டும் நேர்மாறு, தையல் மூலையிலேயே முடிய வேண்டும், இல்லாவிட்டால் மூலை மழுங்கிவிடும். இரண்டும் சரியாக வர, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே எண்ணிக்கைத் தையல் இருக்கும்படி முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வகை வடிவங்களில் மேலே தெரியும் தையல் மூன்று பங்கு என்றால் இடைவெளி இரண்டு பங்கு. மூன்று மில்லிமீட்டர் தையல், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி தொடக்கத்துக்குச் சரியான அளவு.

தைக்கும் வரிசையும் முக்கியம். நீண்ட நேர்கோடுகளை முதலில் முடியுங்கள், பிறகு வளைந்து வளைந்து ஓடும் கோடுகள். ஒவ்வோர் இலையாகச் சுற்றித் தைத்தால் நூலும் வீணாகும், துணியும் ஓரிடத்தில் கூடி நிற்கும். ஷிப்போ எனும், வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் வடிவமும் அப்படித்தான். பார்க்க வட்டம், தைப்பது பாம்பு போலத் துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும் அலை.

பாவும்ஊடையும்:

ஒரு குழப்பம் வராமல் இருக்கச் சொல்கிறேன். வடிவங்களைத் தேடும்போது கோகின் என்ற பெயரும் வரும். அது வேறு முறை. ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடகோடியில் ஆவோமோரிப் பகுதியின் ட்சுகாருவில் தோன்றியது. அந்தக் குளிரில் பருத்தி விளையாது, உழவர்கள் சணல் வகை நாரில் நெய்த துணிதான் உடுத்தினார்கள். அந்தத் துணியின் இடைவெளிகளைப் பருத்தி நூலால் நிரப்பியதில் வெப்பமும் கிடைத்தது, வலுவும் கிடைத்தது. அதில் கட்டம் வரைவதில்லை. பாவு இழைகளை 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் எண்ணி ஊடைத் திசையில் தைப்பார்கள், ஊசி முனை மழுங்கலாக இருக்கும். பக்கத்து நான்புப் பகுதியின் ஹிஷிசாஷி எனும் முறையில் இரட்டைப்படை. எண்ணிக்கை மாறுவதால் கோகினின் வைரக்கட்டம் நெடுக்கு நீளமாகவும், ஹிஷிசாஷியில் அகலமாகவும் விழும். சாஷிகோ கட்டத் தாளைப் பார்த்துக் கோகின் தைக்கவோ, சாதாரணப் பருத்தித் துணியில் இழை எண்ணவோ முயன்றால் கண்தான் வலிக்கும்.

போரோ என்பதும் ஒரு தையலின் பெயர் அல்ல, கந்தல் என்பதுதான் அதன் பொருள். ஒட்டின்மேல் ஒட்டாகத் தலைமுறை கடந்து தைத்த உடைகளையும் படுக்கைகளையும் அப்படி அழைக்கிறார்கள். ஆகவே போரோ பாணி என்று புதுத் துணியில் அலங்காரத்துக்கு ஒட்டுப்போடும் முன், வீட்டில் உண்மையிலேயே தேய்ந்த துணி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம். எடோ காலத்துத் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) தீயணைப்பு வீரர்களின் மேலங்கியும் பல அடுக்குப் பருத்தியைச் சாஷிகோவால் சேர்த்துத் தைத்ததுதான். அதைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நெருப்புக்குள் போனார்கள். நெருக்கமான ஓட்டுத் தையல் இல்லாவிட்டால் நனைந்த அடுக்குகள் தனித்தனியாகத் தொங்கும்.

ஒட்டுத்துணி:

முடிச்சு பற்றி நூல்கண்டு சொன்னதில் ஒரு விலக்கு. ஜீன்ஸ் ஒட்டில் முடிச்சுப் போடலாம், ஆனால் ஒட்டுக்கும் ஜீன்ஸுக்கும் நடுவில் ஒளித்துவிட வேண்டும். தோலில் படும் பக்கம் முடிச்சு இருந்தால் முழங்காலில் உறுத்தும், உறுத்துகிற முடிச்சு சீக்கிரம் அறுந்தும் போகும்.

அடர்நீலத் துணியில் வெள்ளை நூல் போடுவதாக இருந்தால் சாயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஏறினால் தனியாக இன்னும் சில தடவை அலசுங்கள், அலசிய தண்ணீர் தெளியும் வரை. உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள், சாயமேற்றி முடித்த பருத்தியில் அது பலன் தராது. முடித்த வேலையைக் குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு மடித்துவைத்தால் நீலம் வெள்ளை நூலுக்கு ஏறிவிடும். காற்றாடிக்குக் கீழே விரித்துப்போடுவது மழை நாளிலும் கைகொடுக்கும்.

கிழிந்த அந்த ஜீன்ஸைத் தூக்கிப்போட வேண்டாம். பழைய ஒட்டைப் பிரிக்காமல், அதன் மேல்விளிம்பில் உள்ள தையலை மட்டும் மூன்று சென்டிமீட்டர் பிரியுங்கள். புதுக் கிழிசலுக்கு அடியில் இன்னோர் ஒட்டைச் செருகி, பழைய ஒட்டின்மேல் இரண்டு சென்டிமீட்டர் ஏறும்படி வைத்து, வரிகளைப் பழைய வரிகளுக்கு நடுநடுவே ஓடவிடுங்கள்.